சிப்பிக் காளான்: படுக்கைப் பொருள் மாறினால் தாதுச்சத்து மாறுமா?

கேள்வி: தேனியிலிருந்து ஒரு வாசகர், 4 ஆகஸ்ட் 2024

நான் வைக்கோலில் மட்டும்தான் படுக்கை போடுகிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் கரும்புச் சக்கையில் வளர்த்து "இரும்புச்சத்து அதிகம்" என்று பாக்கெட்டில் ஒட்டி விற்கிறார். இப்போது என் வாடிக்கையாளர்களும் "உங்க காளான்ல இரும்பு எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். எதில் வளர்த்தாலும் சிப்பிக் காளான் சிப்பிக் காளான்தான், சத்தெல்லாம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட் 2024, இரவு

பாதி மறுக்கிறேன். சில தாதுக்களில் காளான் வைத்ததுதான் சட்டம். படுக்கையில் எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் அதற்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். வேறு சில தாதுக்கள் படுக்கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ஏறும், இறங்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பேச்சு முடியாமல் ஓடுகிறது.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச்சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானில் பொட்டாசியம் 420 மி.கி., பாஸ்பரஸ் 120 மி.கி., மக்னீசியம் 18, சோடியம் 18, கால்சியம் வெறும் 3, இரும்பு 1.33, துத்தநாகம் 0.77 மி.கி. தண்ணீர் மட்டும் 89 கிராமுக்கு மேல். ஆக, நாம் பேசுவதெல்லாம் மிச்சமுள்ள 11 கிராமுக்குள் நடப்பது.

5 ஆகஸ்ட் 2024, காலை

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ உலர்ந்த நெல் வைக்கோல். அதிலிருந்து எல்லா அறுவடையும் சேர்த்து 800 கிராம் பச்சைக் காளான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில் இது கிடைக்கக்கூடியதுதான். மேலே சொன்ன அட்டவணையை எட்டால் பெருக்கினால் காளானோடு வெளியே போவது தெரியும்: பொட்டாசியம் சுமார் 3.4 கிராம், பாஸ்பரஸ் கிட்டத்தட்ட ஒரு கிராம், கால்சியம் 24 மி.கி.

இப்போது வைக்கோல் பக்கம். நெல் வைக்கோலில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், பொதுவாக 1.2 முதல் 1.7% வரை. ஒரு கிலோவில் 12 முதல் 17 கிராம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், 0.07 முதல் 0.12% தான். கிலோவுக்கு 0.7 முதல் 1.2 கிராம்.

பாஸ்பரஸ் வரியைத் திரும்பப் படியுங்கள். வைக்கோலில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம், காளான் கேட்பதும் ஏறக்குறைய ஒரு கிராம். அதாவது வைக்கோலில் உள்ள பாஸ்பரஸ் முழுவதையும் உறிஞ்சினால்தான் அட்டவணையில் உள்ள அளவு காளானில் வரும். கால்சியத்தில் நிலைமை தலைகீழ். வைக்கோலில் கிலோவுக்கு 3, 4 கிராம் இருக்கிறது. காளான் எடுப்பது அதில் ஒரு சதவீதம்கூட இல்லை.

எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் மையமாகப் படுகிறது. எந்தப் படுக்கையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு ஒப்பிடுவது போதாது. காளான் எதைத் தேடிப்போய்ப் பிடிக்கிறது, எதைத் தள்ளிவைக்கிறது என்று தாதுவுக்குத் தாது பார்க்க வேண்டும்.

5 ஆகஸ்ட் 2024, மாலை

"வைக்கோலில்தான் சாம்பல் அதிகம், அதனால் வைக்கோல் காளானில்தான் தாது அதிகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. நெல் வைக்கோலை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோல் தாள் உள்ளங்கையைக் கீறுவது அதனால்தான். காளானுக்கு அது தேவைப்படுவதே இல்லை. மரத்தூளில் சாம்பல் 1% சுற்றிதான் இருக்கும், அதற்காக மரத்தூள் காளான் தாதுச்சத்தில் பத்து மடங்கு குறைந்துவிடுவதில்லை.

6 ஆகஸ்ட் 2024

வேகவைக்கும் தண்ணீரைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வைக்கோலில் உள்ள பொட்டாசியம் நாரோடு இறுகப் பிணைந்து இருப்பதில்லை. செல்லின் சாற்றில் உப்பாகக் கரைந்திருந்தது, தாள் காய்ந்ததும் அங்கேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் வெளியே வந்துவிடும். வயலிலேயே ஒரு மழை நனைந்த வைக்கோலில் பொட்டாசியம் குறைந்துவிடுகிறது. நாமோ துண்டு துண்டாக வெட்டி, மணிக்கணக்கில் ஊறவைத்து, டிரம்மில் போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறோம். அந்தப் பழுப்புத் தண்ணீரில் போவது நிறம் மட்டும் இல்லை.

அப்படியும் காளானில் பொட்டாசியம் உயரமாகத்தான் இருக்கும். உலர் எடையில் பார்த்தால் 3, 4% வரை. படுக்கையில் மிச்சம் இருப்பதை விடாப்பிடியாகத் திரட்டிக்கொள்கிறது. ஒரே வைக்கோலை ஒருவர் ஆவியில் வேகவைக்கிறார், இன்னொருவர் தண்ணீரில் கொதிக்கவைக்கிறார் என்றால், இருவரும் "வைக்கோல் படுக்கை" என்று சொன்னாலும் காளானுக்குக் கிடைப்பது ஒரே வைக்கோல் இல்லை. ஆய்வு முடிவுகளை ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்: எப்படிச் சுத்திகரித்தார்கள்?

அந்தத் தண்ணீரை நான் ஆறவைத்து வாழைக்கு விடுகிறேன். சாம்பல் சத்து விரும்பும் பயிர். ஆனால் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஃபார்மலின் என்ற கிருமிக்கொல்லியும் கலந்து வைக்கோலை ஊறவைப்பவர்கள் அந்தத் தண்ணீரைப் பயிர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வாய்க்காலிலும் விடாதீர்கள்.

7 ஆகஸ்ட் 2024

"படுக்கையில் சுண்ணாம்பு கலந்தால் கால்சியம் நிறைந்த காளான் கிடைக்குமா?" என்று ஈரோட்டு அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்காதுங்க அக்கா. சுண்ணாம்பும் ஜிப்சமும் படுக்கையின் காரநிலையைச் சரிசெய்ய, வைக்கோல் கொழகொழவென்று ஒட்டாமல் இருக்க, படுக்கையைக் கெடுக்கும் பச்சைப் பூஞ்சையைத் தள்ளிவைக்க. காளானில் கால்சியம் கொஞ்சம் ஏறலாம், ஆனால் 3 மி.கி. இருப்பது இரட்டிப்பானாலும் 6 தானே. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மி.கி.க்கு மேல் இருக்கிறது. கால்சியத்துக்கு ராகிக் களி சாப்பிடுங்கள், காளானை வேறு காரணத்துக்காகச் சாப்பிடுங்கள்.

7 ஆகஸ்ட் 2024, இரவு

இரும்புக்கு வருகிறேன், கேள்வியே அங்கேதானே ஆரம்பித்தது.

கரும்புச் சக்கை என்பது சாறு பிழிந்த மிச்சம். கரையக்கூடிய உப்புகளில் பெரும்பங்கு சாறோடு போய்விடும். ஆலையில் வெந்நீர் தெளித்துத் தெளித்துப் பிழிவதால் இன்னும் போகும். அப்படிப்பட்ட பொருளில் வளர்ந்த காளானில் இரும்பு தனியாகக் கூடுவதற்கு எனக்குக் காரணம் தெரிவது வெளியிலிருந்து வருவதுதான்: கரும்போடு வந்த வயல் மண், ஆலை உருளைகளின் தேய்மானம்.

எந்தப் படுக்கையானாலும் இரும்புக் கணக்கில் இந்தத் தொல்லை உண்டு. மண்ணில் இரும்பு சதவீதக் கணக்கில் இருக்கிறது, காளானில் இருப்பது உலர் எடையில் கிலோவுக்கு நூற்றுச் சொச்சம் மி.கி. செம்மண் தூசி ஒரு சிட்டிகை சோதனைக்குப் போகும் பொடியில் கலந்தாலே போதும், முடிவு எங்கேயோ போய்விடும். துருப்பிடித்த டிரம்மில் வேகவைத்த வைக்கோல், இரும்புக் கத்தி, மிக்ஸியின் தேய்ந்த பிளேடு, எல்லாமே இரும்பு சேர்க்கும். நாங்கள் ஒருமுறை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிய இரண்டு பொட்டலங்களில் ஒன்றில் மட்டும் இரும்பு தாறுமாறாக உயர்ந்து வந்தது. இரண்டும் ஒரே படுக்கைக் காளான். ஒன்று வாசலில் வெயிலில் காயவைத்தது, மற்றது மூடிய உலர்த்தியில் காயவைத்தது. எங்கள் வாசல் முழுக்கச் செம்மண்.

இன்னொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளுக்கு இரும்பு 29 மி.கி., ஆணுக்கு 19 மி.கி. வேண்டும். 100 கிராம் காளான் தருவது ஒன்றேகால், ஒன்றரை. சக்கைக் காளானில் இரட்டிப்பாகவே இருந்தாலும் மூன்றைத் தொடாது. இரத்தசோகை உள்ள ஒரு பெண் அந்தப் பாக்கெட் வாசகத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? எனக்கு அந்த லேபிள் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

8 ஆகஸ்ட் 2024

பாஸ்பரஸ் கணக்கில் வித்தை, அதாவது படுக்கையில் தூவும் காளான் இழை படர்ந்த தானியத்தை, சேர்க்கவில்லையே என்று ஒரு தம்பி பிடித்துவிட்டார். சரியான கேள்வி. முதலில் வைக்கோலை மட்டும் தனியாகக் காட்ட வேண்டியிருந்தது, இப்போது சேர்த்துப் பார்ப்போம்.

நம் ஊரில் வித்து பெரும்பாலும் சோளத்தில் தயாராகிறது. தானியம் ஒட்டாமலிருக்கக் கால்சியம் கார்பனேட் தூளும் அதில் கலந்திருப்பார்கள். சோளத்தில் பாஸ்பரஸ் சுமார் 0.3%. ஒரு கிலோ உலர் வைக்கோலுக்கு 100 கிராம் உலர் சோளக் கணக்கில் வித்து விழுகிறது என்றால் 0.3 கிராம் பாஸ்பரஸ் கூடுதலாக வருகிறது. வைக்கோலில் உள்ளதே 0.7 முதல் 1.2 தான் என்னும்போது இது சின்னப் பங்கு இல்லை. வித்தைத் தாராளமாகப் போடுகிறவர்களுக்கு விளைச்சல் கூடுவதற்கு, இழை சீக்கிரம் பரவுவது ஒரு காரணம் என்றால் இந்தத் தானியச் சத்து இன்னொரு காரணம்.

ஆய்வு படிக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: "வைக்கோல் – சக்கை – மரத்தூள்" என்று ஒப்பிடும்போது வித்தின் அளவையும் அது எந்தத் தானியம் என்பதையும் எழுதுங்கள். சத்து குறைந்த படுக்கையில் வித்தின் பங்கு பெரிதாகத் தெரியும்.

8 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

இதையொட்டியே மூன்றாம் அறுவடை. முதல் அறுவடைக் கொத்தின் கனமும், மூன்றாவது அறுவடையில் வருகிற மெல்லிய, வெளிறிய குடைகளும் எல்லோரும் பார்த்தவை. தண்ணீர் குறைந்தது, தழைச்சத்து (நைட்ரஜன்) தீர்ந்தது, எளிதில் உடையும் மாவுப் பொருள் தீர்ந்தது என்று பல காரணம். மேலே போட்ட கணக்கின்படி பாஸ்பரஸும் அந்த வரிசையில் நிற்கிறது. முதல் அறுவடையை மட்டும் சோதித்த ஆய்வையும் மூன்றையும் கலந்து சோதித்த ஆய்வையும் பக்கத்தில் வைத்து "இந்தப் படுக்கை சிறந்தது" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

10 ஆகஸ்ட் 2024

தவிடு. "அப்படியென்றால் தவிடு கலந்துவிடலாமே" என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் ஒன்றரை சதவீத அளவில் இருக்கிறது, வைக்கோலைப் போல பத்துப் பதினைந்து மடங்கு. மக்னீசியம், துத்தநாகம் எல்லாம் உண்டு. ஒரு கிலோ வைக்கோலுக்கு 50 கிராம் போட்டாலே பாஸ்பரஸ் கணிசமாகக் கூடிவிடும். மரத்தூளில் வளர்ப்பவர்கள் தவிடு இல்லாமல் படுக்கை போடுவதே இல்லை. ஆகவே "மரத்தூள் காளானின் சத்து" என்று நாம் படிப்பதில் கணிசமான பகுதி தவிட்டின் சத்து.

ஆனால் மரத்தூள்காரர்கள் தவிடு கலந்த பையை அழுத்தக் கொப்பரையில் முழுமையாகக் கிருமிநீக்கம் செய்கிறார்கள், அல்லது நீண்ட நேரம் ஆவியில் வைக்கிறார்கள். டிரம்மில் கொதிக்கவைத்த வைக்கோலில் தவிட்டைத் தூவினால் பச்சைப் பூஞ்சைக்குத்தான் விருந்து. படுக்கையும் உள்ளே சூடேறும். எங்கள் குடிலில் சித்திரை வெயிலில் தவிடு கலந்த படுக்கைகளைத் தொட்டால் கையில் சூடு தெரிந்தது, நடுவில் இழை கருகிப் போயிருந்தது. கார்த்திகை, மார்கழியில் அதே அளவு கலந்தும் ஒன்றும் ஆகவில்லை. கலக்குவதானால் குளிர்மாதத்தில், கொஞ்சமாக, வைக்கோலோடு சேர்த்து ஆவியில் வைத்துவிட்டுக் கலக்குங்கள்.

11 ஆகஸ்ட் 2024

துணிக் கழிவில் வளர்க்கலாமா என்று கேட்ட திருப்பூர்த் தம்பிக்கு. நூற்பாலைக் கழிவுப் பஞ்சு அருமையான படுக்கைப் பொருள், வைக்கோலைவிடத் தழைச்சத்து அதிகம். ஆனால் சாயம் போட்ட துணிக் கழிவு வேண்டவே வேண்டாம். விலையில்லாமல் கிடைக்கிறது என்பது புரிகிறது. நீலப்பச்சை வகைச் சாயங்கள் சிலவற்றில் தாமிரம் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. சாயம் நிலைக்கப் போட்ட உப்பு, வேறு உலோகங்கள் என்னென்ன இருக்கும் என்று கழிவை வாங்குகிற நம்மால் சொல்ல முடியாது. காளான் மரத்தையே உடைக்கிற நொதிகளை வைத்திருக்கிறது, சாய மூலக்கூறையும் உடைக்கும். சாயத்தை அழிக்க இந்த வகைப் பூஞ்சைகளைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள் என்பதே போதும். ஆனால் உலோகத்தை எந்த நொதியாலும் அழிக்க முடியாது. வண்ணம் போய்விட்டது என்பதால் உலோகமும் போய்விட்டது என்று ஆகாது.

11 ஆகஸ்ட் 2024, இரவு

இதிலிருந்துதான் எனக்கு மிகவும் கவலையான பகுதிக்கு வர வேண்டியிருக்கிறது. பொட்டாசியம், கால்சியம் விஷயத்தில் காளான் தன் போக்கில் நடக்கும் என்றேன். காட்மியம் (நச்சு உலோகம்), செலினியம் (உடலுக்குச் சிறிதளவே வேண்டிய தாது) போன்றவற்றில் அப்படி இல்லை. படுக்கையில் இருந்தால் காளானில் ஏறும். காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கிப் பல வருடம் வெளியேறாது. ஐரோப்பிய ஒன்றியம் சிப்பிக் காளானுக்கென்றே தனியாகக் காட்மியம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: பச்சை எடையில் கிலோவுக்கு 0.15 மி.கி. மொட்டுக் காளானுக்கு அதைவிடக் குறைவு, 0.05.

அதனால் வைக்கோல் எந்த வயலிலிருந்து வந்தது என்று கேளுங்கள். தொழிற்சாலைக் கழிவுநீர் பாயும் நிலம், நகரக் குப்பை உரம் கொட்டிய நிலம், நெடுஞ்சாலையோரம் மாதக்கணக்கில் போராகக் குவிந்து கிடந்த வைக்கோல் என்றால் நான் வாங்குவதில்லை. அச்சடித்த காகிதத்தில் வளர்க்கும் யோசனைகளும் சுற்றுகின்றன. மையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதில் உணவு வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் உள்ள நிலத்தடி நீரில் விளையும் கோடை நெல்லில், அரிசியைவிட வைக்கோலில்தான் ஆர்சனிக் அதிகம் தங்குகிறது. நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் ஆர்சனிக்கும் உள்ளே போய்விடுகிறது. அந்தப் பக்க நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் உள்ளூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரித்துவிட்டுப் படுக்கை போடுங்கள்.

13 ஆகஸ்ட் 2024

பயமுறுத்திவிட்டேன் போல, நல்ல பக்கத்தையும் சொல்கிறேன். அதே உறிஞ்சும் குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்.

பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சில ஊர்களின் மண்ணில் செலினியம் இயற்கையாகவே மிக அதிகம். அங்கே விளையும் கோதுமையிலும் வைக்கோலிலும் ஏறி, மாடுகளுக்குக் குளம்பு, கொம்பு உதிரும் அளவுக்கு நஞ்சாகிறது. பாட்டியாலாவில் உள்ள தாப்பர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கோதுமை வைக்கோலிலேயே சிப்பிக் காளான் வகைகளை வளர்த்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண வைக்கோல் காளானைவிட அதில் செலினியம் பல மடங்கு. ஒரே படுக்கையில் வைத்தும் வகைக்கு வகை அளவு மாறியது. பிரேசிலில் வீசோசா பல்கலைக்கழகத்தார் காப்பித் தொலியில் சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பைக் கலந்து சிப்பிக் காளான் வளர்த்தார்கள், அதிலும் செலினியம் நன்றாக ஏறியது. லித்தியம் கலந்தும் இதே மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள்.

தேனிக்காரருக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. எதில் வளர்த்தாலும் ஒன்றுதான் என்பது செலினியத்தில் உடைந்துவிடுகிறது.

தயவுசெய்து யாரும் கடையில் செலினைட் வாங்கிப் படுக்கையில் கலக்காதீர்கள். ஒரு நாளுக்கு மனிதனுக்கு வேண்டிய செலினியம் 40, 50 மைக்ரோகிராம். 400 தாண்டினால் ஆபத்து என்று கணக்கு. இடைவெளி அவ்வளவு குறுகல். ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதியையும் அளந்து செய்வதை நாம் டிரம் பக்கத்தில் நின்று கரண்டிக் கணக்கில் செய்யக் கூடாது.

14 ஆகஸ்ட் 2024

தென்னை நார்க்கழிவு பற்றி பொள்ளாச்சியிலிருந்து கேட்டவருக்கு: உப்புத்தண்ணீரில் ஊறவைத்த மட்டையின் கழிவா, நல்ல தண்ணீரா என்று முதலில் பாருங்கள். உப்பங்கழிக் கழிவில் சோடியம் அதிகம், பலமுறை அலச வேண்டும். இது மட்டுமே படுக்கை என்றால் ஈரம் தேங்கிக் காற்று போகாது, வைக்கோலோடு பாதிக்குக் குறைவாகக் கலக்கலாம். நார்க்கழிவை மக்கவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்ததும் இதே சிப்பிக் காளான் வித்தைத்தான். அது உரத்துக்கு, உணவுக்கு அல்ல.

கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் மரத்தூள் நல்லது. ஆனால் அறுத்த பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்கப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்குவார்கள். அந்தப் பலகையை இழைத்த தூள் வேண்டாம். பூஞ்சையைத் தடுக்கத்தான் அந்த மருந்தே. பச்சை மரத்தை அறுக்கும்போது விழும் தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

15 ஆகஸ்ட் 2024

ஒரு சகோதரி தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு, பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். மாமியாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, காளான் பிடிக்கும், எந்தப் படுக்கைக் காளானில் பொட்டாசியம் குறைவு?

அம்மா, படுக்கையை மாற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்க முடியாது. காளானே திரட்டிக்கொள்கிற தாது அது. 100 கிராமில் 400 மி.கி. என்பது டயாலிசிஸ் நோயாளிக்குச் சின்ன அளவு இல்லை. நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கணிசமாகக் குறையும், ஆனாலும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்ட பிறகே கொடுங்கள். சூப்பாகக் கொடுக்கவே வேண்டாம், கரைந்ததெல்லாம் அதில்தான் இருக்கும்.

15 ஆகஸ்ட் 2024, மாலை

வெயிலில் காயவைத்தால் தாது கூடுமா? கூடாது. தண்ணீர் போவதால் 100 கிராமுக்கான எண் பெரிதாகத் தெரியும், அவ்வளவே. கூடுவது வைட்டமின் டி2. குடையின் அடியில் உள்ள மடிப்புப் பக்கம் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தால் நன்றாகக் கூடும். அது படுக்கையைப் பொறுத்ததல்ல, வெயிலைப் பொறுத்தது. எங்கள் வாசல் செம்மண் கதை நினைவிருக்கட்டும், வலை மூடிக் காயவையுங்கள்.

18 ஆகஸ்ட் 2024

அறுவடை முடிந்த படுக்கையை மாட்டுக்குப் போடலாமா என்ற பேச்சு நீண்டு போய்விட்டதால் ஒரு குறிப்பு. காளான் நார்ப்பொருளைத் தின்று எடையைக் குறைக்கிறது, சிலிக்கா அப்படியே கிடக்கிறது. ஆகவே மிச்ச வைக்கோலில் சாம்பல் சதவீதம் முன்பைவிட உயரும். பாஸ்பரஸோ காளானோடு போயிருக்கும். மாட்டுத்தீவனமாகக் கொஞ்சம் கலந்து கொடுக்கிறவர்கள் உண்டு, பச்சைப் பூஞ்சை பிடித்ததைக் கொடுக்கவே கூடாது. ரசாயனத்தில் ஊறவைத்ததும் கூடாது. நான் மண்புழுக் குழிக்குத்தான் போடுகிறேன்.

21 ஆகஸ்ட் 2024

தேனிக்காரர் சோதனைக்கு அனுப்பத் தயாராகிவிட்டார், சந்தோஷம். வைக்கோல், சக்கை, பாதிக்குப் பாதி என மூன்று விதமாகப் படுக்கை போடப் போகிறாராம். அவருக்கும், இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கும்:

ஒரே தொகுதி வித்து, ஒரே குடில், ஒரே வாரம். வித்து அளவு எடைபோட்டு ஒன்றாக இருக்கட்டும். முதல் அறுவடையைத் தனியாக, இரண்டாவதைத் தனியாக எடுங்கள். குடை விளிம்பு மேலே சுருளும் முன்பு, எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் பறியுங்கள். தண்டையும் குடையையும் கலந்துவிடாதீர்கள். பொதுவாகக் குடையில்தான் தாது அதிகம், தண்டு நீண்ட கொத்தும் குட்டையான கொத்தும் கலந்தால் வித்தியாசம் படுக்கையால் வந்ததா, தண்டால் வந்ததா என்று தெரியாது. காற்றோட்டம் குறைந்த மூலையில் தண்டு நீளும் என்பதால் படுக்கைகளை இடம் மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள்.

அடியில் ஒட்டிய வைக்கோலைத் துருப்பிடிக்காத கத்தியால் சீவிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று ஒரு முறை அலசி, மூடிய உலர்த்தியில் எடை நிலைக்கும்வரை காயவையுங்கள். முடிவை உலர் எடைக்குக் கேளுங்கள், கூடவே ஈரப்பதம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அறுவடைக்கு முன் தண்ணீர் தெளித்த காளானும் தெளிக்காததும் பச்சை எடையில் ஒன்றாக வராது.

காசு மிச்சம் இருந்தால் கொதித்து வடித்த பிறகு உள்ள வைக்கோலையும் சக்கையையும் அதே ஆய்வகத்தில் கொடுங்கள், டிரம்மில் போடுவதற்கு முன் எடுத்ததை அல்ல. பொட்டாசியம், பாஸ்பரஸ், இரும்பு, துத்தநாகத்தோடு காட்மியமும் ஈயமும் கட்டாயம் சேருங்கள். முதல் நான்கைவிட அந்த இரண்டு எண்களைத்தான் உங்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பேன்.

பாக்கெட்டில் என்ன அச்சடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பொருளில் வளர்த்தது, எப்படிச் சுத்திகரித்தது, என்றைக்குப் பறித்தது. சோதனை முடிவு வந்ததும் எண்களை இங்கேயே போடுங்கள், ஈரப்பதத்தோடு. நான் வைக்கோல் காளானில் பாஸ்பரஸ் இரண்டாம் அறுவடையில் இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.